பீரோ சாவி எங்கே தொங்குகிறது?

இந்த வருடம் மாட்டுப் பொங்கல் அன்று பெரியப்பா திண்ணையில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு ரிவால்வரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தையல் மிஷின் எண்ணெய் டப்பா, காது குடையும் குச்சியில் சுற்றிய பஞ்சு, பழைய பல் தேய்க்கும் பிரஷ். கீழ்வேளூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். ஆனாலும் கடல் காற்று அங்கே வரைக்கும் வரும். நாகப்பட்டினத்துக்காரர்களுக்குத் தெரியும், இங்கே ஜன்னல் கம்பியை வருடா வருடம் பெயின்ட் அடிக்காவிட்டால் உதிர்ந்துவிடும். ரிவால்வரை அவர் வாரம் தவறாமல் துடைப்பார். ஐம்பது வருடத்தில் அதைத் துடைத்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மாமாங்கம் வரும். சுட்ட நேரம் ஒரு நிமிடம் வராது.

"நீ எடுத்துக்கடா" என்றார் நிமிராமலே.

"எதை பெரியப்பா?"

"இதைத்தான். எனக்கு அப்புறம் ஸ்டேஷன்ல கெடந்து துருப்பிடிக்கக் கூடாது."

அவருக்கு 79 வயது. மகன்கள் இல்லை, ஒரே மகள் கும்பகோணத்தில். 2016ஆம் வருட ஆயுத விதிகளில் ஒரு வசதி இருக்கிறது. லைசன்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருடம் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். மகள் "எனக்கு வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டதால் என் பக்கம் திரும்பியிருக்கிறார். எனக்கு மாற்ற முடியுமா, கலெக்டர் ஆபீஸில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அப்புறம். முதலில் எனக்கு வேண்டுமா என்பதுதான் கேள்வி. மூன்று மாதமாக இதுவே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு. துப்பாக்கி பிடிக்காதவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். நானும் உங்கள் கட்சிதான், முக்கால்வாசி.

ரிவால்வர் வெப்ளி கம்பெனியுடையது, .32. குழலை முன்னால் மடக்கினால் நடுவில் பிளந்து, உருளையில் இருக்கும் தோட்டாக்கள் தாமாக எழும்பி வெளியே வந்து விழும். .32 என்பதில் ஒரு காரணம் உண்டு. .38, .45 எல்லாம் போலீஸும் ராணுவமும் வைத்திருந்த அளவு; அந்தத் தோட்டா வெளியே புழங்கக் கூடாதென்று சாதாரண ஆட்களுக்கு அந்த அளவில் கைத்துப்பாக்கி கிடையாது. கான்பூர் தொழிற்சாலை நமக்கெல்லாம் செய்து விற்கும் ரிவால்வரும் அதனால்தான் .32.

தாத்தா இதை வாங்கியது 1969இல், திருச்சியில் ஒருவரிடமிருந்து. ஏன் 1969 என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். வந்த கும்பலிடம் துப்பாக்கியும் இருந்தது. எரித்தது மிராசுதார் தரப்பு. ஆனால் அதற்கடுத்த வருடம் பயந்துபோய் ரிவால்வர் வாங்கியது யார் என்றால், நாலு வேலி நிலம் வைத்திருந்த என் தாத்தா. செத்தது ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம். இதைப் பெரியப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். எண்ணெய் டப்பாவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குத் திண்ணையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் திருமருகல் மாமா. கையில் ஒரு இரட்டைக்குழல், ஒரு கான்பூர் ரிவால்வர், இரண்டுக்கும் லைசன்ஸ். இன்னொருவன் ஹூஸ்டனிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த சித்தப்பா மகன். டெக்சாஸில் பத்து வருடமாக இருக்கிறான், அவனிடமும் ஒரு ரிவால்வர் இருக்கிறது: ஸ்மித் அண்ட் வெசன் 642, ஐந்து தோட்டா, சட்டைப் பைக்குள் அடங்கும் சைஸ். பெரியப்பாவின் வெப்ளியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்:

"இதுல பூட்டே இல்லையா பெரியப்பா?"

"துப்பாக்கியில என்னடா பூட்டு?"

அங்கே ஆரம்பித்த பேச்சு, மதியச் சாப்பாட்டுக்கு பெரியம்மா மூன்றாவது முறை கூப்பிடும் வரை ஓயவில்லை.

அவன் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்களில் 2001, 2002 வாக்கிலிருந்து உடம்புக்குள்ளேயே ஒரு பூட்டு வைத்து வருகிறார்கள். உருளையைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே, இடது பக்கம், ஒரு சின்னத் துவாரம். குட்டிச் சாவியைப் போட்டுத் திருகினால் உள்ளே ஒரு தகடு எழும்பிக் குதிரையைப் பிடித்துக்கொள்ளும். (துப்பாக்கியில் குதிரை என்பது பின்னால் இழுத்து விடும் அந்தச் சுத்தி. விசை என்பது விரல் வைக்கும் இடம். எங்கள் ஊரில் இரண்டையும் குழப்பிச் சொல்வார்கள்.) குதிரை அசையாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புத் துண்டு.

கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத்தானே இருக்கிறது? ஆனால் அங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பலருக்கு அந்தத் துவாரத்தைக் கண்டாலே ஆகாது. அதற்கு 'ஹிலாரி ஓட்டை' என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். கிளின்டன் ஆட்சியில், 2000 மார்ச்சில், ஸ்மித் அண்ட் வெசன் அரசோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. பூட்டு வைப்பது, விற்பனைக்குக் கட்டுப்பாடு என்று பல நிபந்தனைகள். துப்பாக்கிக்காரர்கள் கொதித்துப்போய் அந்தக் கம்பெனிச் சரக்கையே வாங்க மாட்டோம் என்று ஒதுக்கினார்கள். கம்பெனி அப்போது டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கையில் இருந்தது. 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதை, 2001இல் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கை கழுவியது. வாங்கியது யார் தெரியுமா? சேஃப்-டி-ஹாமர் என்ற, துப்பாக்கிப் பூட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. பூட்டுக் கடைக்காரன் பத்தாயத்தையே வாங்கிய கதை.

அதனால் அந்த ஓட்டை மேல் இருக்கும் கோபத்தில் பாதி அரசியல். நம்மூரில் ஒரு கட்சி கட்டிய பாலத்தில் இன்னொரு கட்சிக்காரன் நடக்க மாட்டான் என்பது போல. மீதிப் பாதிக்கு மட்டும்தான் இயந்திரக் காரணம் உண்டு. எடை குறைந்த ரிவால்வரில் பலமான மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுடும்போது, அது உதைக்கிற உதையில் உள்ளே இருக்கும் தகடு தானாக எழும்பிப் பூட்டிக்கொண்டதாகச் சிலர் புகார் சொல்லியிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் முதல் தோட்டா போய், இரண்டாவது போகாமல் நின்றால்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இருபது வருடத்துக்கும் மேலாகச் சண்டை. சிலர் அந்தத் தகட்டைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், மேரிலாண்டு மாநிலத்தில் 2003 முதல் புதுக் கைத்துப்பாக்கி விற்க வேண்டுமென்றால் உள்பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். இப்போது கம்பெனியே பூட்டு இல்லாத மாடல்களையும் மறுபடி விற்க ஆரம்பித்திருக்கிறது.

"உன்னோடதுல?" என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. ஒருநாள்கூடப் போட்டதில்ல. சாவி எங்கேன்னே தெரியல" என்றான். வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை. கட்டிலுக்குப் பக்கத்தில் விரல்ரேகை வைத்தால் திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி இருக்கிறதாம், அது போதும் என்கிறான்.

மாமாவுக்கு வேறு காரணம். "மாப்ள, நம்ம உப்புக்காத்துல சைக்கிள் பூட்டு ரெண்டு வருஷம் தாங்குதா? கேட் பூட்டுக்கு மாசா மாசம் மண்ணெண்ணெய் விடுறேன். துப்பாக்கி வயித்துக்குள்ள ஒரு பூட்ட வச்சு, அது துருப்பிடிச்சு நின்னுச்சுன்னா யாரு திறக்கிறது? கீழ்வேளூர் பூட்டு ரிப்பேர்க்காரனா?" என்றார். சிரித்தோம். ஆனால் சரியான பேச்சு. பூட்டுக்கு ஒரு சுருள்வில் வேண்டும், வில் என்றால் எண்ணெய் வேண்டும், எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். பெரியப்பா மாதிரி வாரா வாரம் துடைக்கிற ஆள் எத்தனை பேர்?

பெரியப்பாவின் கட்சி இன்னும் பழசு. "ரிவால்வருக்கு விரல்தான் பூட்டு" என்றார். விசையை நேராக இழுத்தால் அதுவே குதிரையைத் தூக்கி, உருளையைச் சுழற்றி, பிறகு அடிக்க வேண்டும். அதற்குப் பெரிய ஆளுக்கே விரல் வலிக்கும். இது போக, குதிரைக்கு நேர் கீழே இருக்கும் அறையில் தோட்டா போடாமல் காலியாக விடுவார். ஆறு அறை, ஐந்து தோட்டா. கீழே தவறி விழுந்து குதிரையில் அடிபட்டாலும் வெடிக்காது. தாத்தா சொல்லிக்கொடுத்தது. உலகம் முழுக்கப் பழைய ரிவால்வர்க்காரர்கள் செய்வதும் இதையே.

மாமா நடுவில் எம்.ஆர்.ராதாவை இழுத்தார். அது இல்லாமல் தமிழ்நாட்டில் ரிவால்வர் பேச்சு முடியுமா? 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு, ராதாவும் தன்னையே சுட்டுக்கொண்டார், இருவரும் பிழைத்தார்கள். தோட்டாக்கள் பழசு, அதனால்தான் பிழைத்தார்கள் என்று சொல்வதுண்டு. "அதுல பூட்டு இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? சாவியும் ராதாகிட்டதானே இருந்திருக்கும்" என்றார் மாமா. அது சரி. பூட்டு யாரிடமிருந்து யாரைக் காப்பாற்ற என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வைத்திருப்பவன் கையை அது பிடிக்காது. வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்குத்தான் பூட்டு.

மற்றவர்கள் என்றதும் எனக்கு பீரோ ஞாபகம் வந்தது.

துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று லைசன்ஸ் கேட்பவர் எழுதிக்கொடுக்க வேண்டும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்குச் சான்றும் வேண்டும். பெரியப்பாவும் பூட்டித்தான் வைத்திருக்கிறார். பெரியம்மா சீதனமாகக் கொண்டுவந்த ஸ்டீல் பீரோ, உள்ளே லாக்கர், லாக்கருக்குள் வெல்வெட் துணியில் ரிவால்வர். தோட்டா தனியாக, ஹார்லிக்ஸ் பாட்டிலில். கேட்கவே ஒழுங்காக இருக்கிறது. ஆனால் பீரோ சாவி எங்கே? பூஜை அலமாரிக்குப் பக்கத்தில், நாள்காட்டி மாட்டிய ஆணியில். லாக்கர் சாவியும் அதே வளையத்தில். வீட்டில் வேலை செய்கிறவர், பால்காரர், விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகள், நான், அத்தனை பேருக்கும் அந்த ஆணி தெரியும். ஏனென்றால் பட்டுப்புடவையும் அந்த பீரோவில்தான், பத்திரமும் அங்கேதான், ரேஷன் கார்டும் அங்கேதான். தினம் நாலு முறை திறக்கிற பீரோவுக்குச் சாவியை யார் ஒளித்து வைப்பார்? நம் வீடுகளில் பீரோ சாவி என்பது பொதுச் சொத்து.

இதனால்தான் அன்றைக்கு நான் பூட்டுக் கட்சி. ஹூஸ்டன் தம்பியிடம் தனிப் பெட்டி இருக்கிறது, அதை அவன் விரல் மட்டும் திறக்கும். அங்கே உள்பூட்டு அதிகப்படிதான். ஆணியில் சாவி தொங்குகிற வீட்டுக்குத் துப்பாக்கிக்குள்ளேயே இன்னொரு பூட்டு இருந்தால் நல்லதுதானே என்று வாதாடினேன். .32 அப்படி ஒன்றும் உதைப்பதில்லை, தானாகப் பூட்டிக்கொள்ளும் என்ற பயமும் நமக்கு இல்லை. மாமா துரு என்றார், நான் எண்ணெய் என்றேன். அப்படியே போனது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோதுதான் கஜா புயல் நினைவு வந்தது. வந்ததும் என் வாதம் உட்கார்ந்துவிட்டது.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா கரையைக் கடந்தது. வேதாரண்யம் பக்கம் ஒரு தென்னை நிற்கவில்லை. பெரியப்பா ஊரிலும் மின்கம்பங்கள் படுத்துவிட்டன. நான் நாகையிலிருந்து மெழுகுவர்த்தி, பால் பவுடர், பிஸ்கட் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தேன். பின்கட்டு ஓடெல்லாம் பறந்துவிட்டதால் எல்லோரும் கூடத்தில்தான் படுக்கை. கும்பகோணத்திலிருந்து அக்கா பிள்ளைகளோடு வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க இருட்டு. திருட்டு நடக்கிறது, பக்கத்து ஊரில் ஆள் வந்தார்கள் என்று வதந்தி வேறு. பெரியப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலை இறக்கினார். ஐந்து தோட்டா போட்டுத் தலையணைக்கு அடியில் ரிவால்வரை வைத்துப் படுத்தார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அது தோட்டாவோடு இருந்தது அந்த ராத்திரிதான்.

காலையில் நான் முற்றத்தில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போயிருந்தார். அக்காவின் சின்னவன், ஐந்து வயது, பாயைச் சுருட்டுகிறேன் பேர்வழி என்று தலையணையைத் தூக்கியிருக்கிறான். ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். சின்னச் சத்தம்தான், டிரங்குப் பெட்டிக் கொண்டி விழுவது போல. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கைப்பிடி வயிற்றில் ஊன்றியிருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டிருந்தான். குழல் சமையலறைப் பக்கம் பார்த்தது. அங்கே பெரியம்மா ஊதுகுழலோடு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் வரவில்லை. பெரியப்பாதான் ஈரத் துண்டோடு உள்ளே வந்தவர், கத்தாமல், ஓடாமல், பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, "குடு கண்ணு, தாத்தாவுக்கு வேணும்" என்றார். அவன் கொடுத்துவிட்டான். கட்டைவிரலைக் கொடுத்துக் குதிரையை மெல்ல இறக்கி, குழலை மடக்கினார். ஐந்து தோட்டாவும் பாயில் விழுந்தன. பையன் ஒன்றைப் பொறுக்கி, "இது தங்கமா தாத்தா?" என்று கேட்டான். பித்தளை பளபளவென்றுதான் இருந்தது.

பெரியப்பாவின் இரண்டு காவலையும் ஐந்து வயதுப் பையன் எப்படித் தாண்டினான் என்று பிறகு யோசித்தேன். விசை கடினம், உண்மை. ஆனால் குதிரையைத் தனியாகப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டால் விசை லேசாகிவிடும், தீப்பெட்டியைத் தள்ளித் திறக்கிற பலம் போதும். காலி அறை? குதிரையை இழுக்கும்போதே உருளை ஒரு அறை சுற்றும். காலி அறை நகர்ந்துபோய், தோட்டா இருக்கும் அறை குழலுக்கு நேரே வந்துவிடும். கீழே விழுகிற துப்பாக்கிக்குத்தான் அந்த ஏற்பாடு. கையில் எடுக்கிற குழந்தைக்கு அது ஒன்றும் செய்யாது.

சரி, அதில் உள்பூட்டு இருந்திருந்தால்? என் வாதம் உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். அன்றைக்கு ராத்திரி பெரியப்பா அதையும் திறந்துவிட்டுத்தான் படுத்திருப்பார். திருடன் வருவான் என்று தலைமாட்டில் வைத்தவர் பூட்டியா வைப்பார்? பயமில்லாத நாளில் பூட்டு பூட்டியே இருக்கும், பீரோவும் பூட்டியிருக்கும், தோட்டா பாட்டிலில் இருக்கும், அன்றைக்கு அது இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பயம் வந்த ராத்திரி எல்லாப் பூட்டும் திறக்கும். அன்றைக்குப் பார்த்துத்தான் வீடு நிறையப் பிள்ளைகள் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். புயலோ கலவரமோ வந்தால் தனியாகவா இருப்போம்? எல்லோரும் ஒரே கூடத்தில்தான்.

ஹூஸ்டன்காரர்கள் கேட்கிற கேள்வி, 'அவசரத்துக்குத் துப்பாக்கி வெடிக்காமல் போனால்?' என்பது. எங்கள் வீட்டில் 1969இலிருந்து அந்த அவசரம் வரவில்லை. வெடித்துவிட்டால் என்ற அவசரம் ஒருமுறை வந்தது.

மாமாவிடம் போனில் இதைச் சொன்னேன். "அப்ப சாவிய ஆணியில மாட்டாத, இடுப்புல சொருகிக்க" என்றார். அவர் அப்படித்தான் செய்கிறார், அரைஞாணில் சாவி தொங்கும். மனுஷர் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். எனக்கு அந்த ஒழுங்கு வராது. என் ஸ்கூட்டர் சாவியே வாரத்தில் இரண்டு நாள் வண்டியிலேயே நிற்கும். லைசன்ஸ் விண்ணப்பத்தில் இதைக் கேட்பதற்கு ஒரு கட்டம் இருந்தால் நன்றாக இருக்கும்.

உண்மையில் எங்கள் ஊரில் நன்றாக வேலை செய்கிற பூட்டு தேர்தல் கமிஷன் போடுகிற பூட்டுதான். 2024 மார்ச் 16 அன்று தேர்தல் தேதி அறிவித்தார்கள். நாலைந்து நாளில் ஸ்டேஷனிலிருந்து போன். பெரியப்பா வெல்வெட் துணியோடு கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார். நாகைக்கு ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை, அதற்கப்புறம்தான் திரும்பக் கிடைத்தது. இரண்டரை மாதம் துடைக்க ஒன்றுமில்லாமல் பெரியப்பா மிஷின் எண்ணெயைக் கதவுக் கீல்களுக்கெல்லாம் விட்டுக்கொண்டு திரிந்தார். திரும்பி வந்தபோது உருளை ஓரத்தில் பொடித் துரு. அதற்காக ஏட்டையாவை ஒரு வாரம் திட்டினார். பெரியம்மாவிடம், "அது இல்லாதப்ப பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன். "எது?" என்றார். நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டாம் பெரியப்பா. கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. "மாமாவுக்குக் குடுத்துடவா?" என்றார். அதுவும் முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, மாமாவிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. லைசன்ஸ் பெற்ற கடையில் விற்கலாம், இல்லையென்றால் அரசிடமே ஒப்படைத்துவிடலாம். ஒப்படைக்கிறேன் என்று விண்ணப்பத்தை நானே எழுதினேன், துப்பாக்கி எண்ணையும் லைசன்ஸ் எண்ணையும் சரிபார்த்து. பேரன் வெண்டைக்காய் நறுக்கும் கத்தியால் பென்சில் சீவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அந்தக் காலை அவனுக்கு ஞாபகம் இல்லை.

விண்ணப்பம் பீரோவில் இருக்கிறது. பெரியப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.